உன்னிச்சைக் குளத்தில் தோணி தள்ளிய காலை

காலை 5.10. மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட பஸ் வலையிறவுப் பாலத்தைத் தாண்டியபோது வாவி இன்னும் இருட்டாகத்தான் கிடந்தது. உன்னிச்சைக் குளத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் 140 ரூபாய். மனைவி இறந்தபின் தனியே போகும் நாலாவது பயணம். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை என்பதைத் தவிர இதில் வேறு வசதி ஒன்றுமில்லை.

6.20. அணைக்கட்டில் இறங்கினேன். சிறுபோக நெல் வயல்களுக்குத் தண்ணீர் திறந்ததால் குளம் வற்றி உள்வாங்கியிருந்தது. கரையிலிருந்து தண்ணீருக்கு எழுபது அடி சேறு. கரையில் ஏற்றிவைத்த தோணியைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். பெயர் கணபதி.

"ஐயா, ஒரு கை பிடிப்பீங்களா? தனியத் தள்ள ஏலாது."

"தோணியைத் தண்ணீர் விளிம்பிலேயே விட்டால் என்ன?"

"இரவில யானை வரும். மிதிச்சிப் போடும்."

முன்பு கணபதியின் மனைவியும் அவரும்தான் தள்ளுவார்கள். நாலு மாதத்துக்கு முன் மனைவி வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டார். இப்போது அணைக்கட்டில் யார் வந்தாலும் அவர்தான் கணபதிக்குத் துணை. நேற்று யாரும் வரவில்லை. வலை இரண்டு இரவாகத் தண்ணீரில் கிடக்கிறது.

தள்ளினோம். முழங்கால்வரை சேறு. தோணியில் ஏறும்போது கேட்டார்:

"நாளைக்கும் நிப்பீங்களா ஐயா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன். வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்ப அன்றிரவு ரயில் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது.

8.45. தோணி திரும்பியது. பாதி மீன் அழுகியிருந்தது. வலையைக் காணவில்லை.

"கழுவித் திரும்பப் போட்டுட்டன். நாளைக்கு நீங்க நிக்கிறீங்கதானே."

உண்மையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் ஏசவில்லை.

"அப்ப இன்னொருக்காத் தள்ளுங்க. வலையை எடுத்திட்டு வாறன்."

9.30 பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. பதினொரு மணிக்கு ஈர வலையோடு வந்தார். தோணியை இழுத்து ஏற்றிக் கவிழ்த்தோம்.

"நாளைக்கு என்ன செய்வீங்க?"

"ஆராவது வருவாங்க" என்று சொல்லிவிட்டு வலையை உதறிக் காயப்போட்டார்.

நண்பகல் பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் நின்றிருக்கலாம். வெள்ளவத்தையில் என்னைத் தேட யாருமில்லை.