அட்டையில் இருந்த ஊர்

2012 டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை. ருஷ்தாவுக்கு வயது இருபத்தொன்று. வயிற்றுப் பிள்ளைக்கு இருபத்தொன்பது கிழமை, ஏழாம் மாதம். காலை ஏழரைக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தபோது வயிறு கல்லாக இறுகியது. கத்தியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள். விட்டது. பாணைத் தின்று முடிப்பதற்குள் மறுபடி இறுகியது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் முனாஸ் ஓகஸ்டில் கட்டாருக்குப் போயிருந்தான். உம்மா ஜுனைதாவும் வாப்பாவும் வில்பத்துக் காட்டுக்கு அப்பால், மன்னார்ப் பக்கத்தில், தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவந்த சொந்தக் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பத் தொடங்கியதும் ஒரு கதை பரவியிருந்தது: ஆள் இருந்தால்தான் காணி, அங்கே பேர் பதிந்திருந்தால்தான் ஆள். அதனால் ருஷ்தா கர்ப்பமானதும் உம்மா அவளைக் கூட்டிப்போய் அந்த ஊர் அரசாங்க மிட்வைஃபிடம் பதிந்து கர்ப்பிணி அட்டை எடுத்தார். குடும்பம் திரும்பிவிட்டது என்பதற்கு வயிற்றுப் பிள்ளையைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பது அவர் எண்ணம்.

அட்டையில் ஊர் அது. ஆள் இருந்தது புத்தளத்தில், கற்பிட்டி வீதியை ஒட்டிய குடியிருப்பில். அங்கே மிட்வைஃப் வந்தால், மகள் சாமான் வாங்கப் புத்தளம் போயிருக்கிறாள் என்று உம்மா சொல்வார். இங்கே யாராவது கேட்டால், வாற கிழமை ஊருக்குப் போகிறேன் என்று ருஷ்தா சொல்வாள். கிளினிக்குக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்வந்தாள். பிறகு மழை பிடித்தது. எலுவன்குளத்துக்கு அப்பால் கலா ஓயா ஆறு பாலத்துக்கு மேலால் பாய, அந்தக் காட்டுப் பாதையில் பஸ் நின்றது.

ருஷ்தா இருந்த புத்தளத்து ஒழுங்கைக்கும் ஒரு மிட்வைஃப் உண்டு. பெயர் ஜூலியானா, தலவில ஊர்க்காரர். செவ்வாய்க்கிழமைகளில் ஸ்கூட்டரில் பக்கத்து வீட்டு ஸக்கியாவின் பேரப்பிள்ளையைப் பார்க்க வருவார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ருஷ்தா கதவைச் சாத்திவிடுவாள்.

அன்று முதலில் உம்மாவுக்குத்தான் போன் எடுத்தாள். வாய்வாக இருக்கும், இஞ்சி போட்டுக் குடி என்றார் உம்மா. ஆஸ்பத்திரி என்றதும் குரல் தாழ்ந்தது.

"அங்க போய் அட்டையக் காட்டினா நம்மட பேர வெட்டிருவாங்க மகள். நீயும் மாசத்துக்கு முன்னக்கூட்டித்தான் பிறந்த. அகதி கேம்ப்ல, ஓலைக் கொட்டில்ல. உனக்கு என்ன வந்திச்சு?"

ருஷ்தா இஞ்சி குடித்தாள். முனாஸின் போன் மணி அடித்து அடித்து நின்றது. அவனுக்கு வேலை நேரம். வயிறு இறுகிய ஒவ்வொரு முறையும் போனிலேயே நேரம் பார்த்தாள். எட்டு ஐம்பது. ஒன்பது. ஒன்பது பத்து. இடுப்பிலிருந்து கிளம்பி அடிவயிற்றுக்கு வந்து பிடித்தது.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. ருஷ்தா எழுந்து கதவருகே போனாள். பழக்கத்தில் கை கதவைச் சாத்தியது. வேலிக்கு அப்பால் பிள்ளையின் நிறை பார்க்கிற கதையும் சிரிப்பும் கேட்டன. இன்னொரு பிடி வந்து போகும்வரை கதவில் சாய்ந்து நின்றாள். ஸ்கூட்டர் திரும்ப ஸ்டார்ட் ஆனபோது கதவைத் திறந்து, "மிஸ்" என்றாள்.

ஜூலியானா அவளைக் கதிரையில் இருத்தி வயிற்றில் கை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அட்டையைப் புரட்டினார்.

"எத்தனை நாளா இங்க இருக்கிற?"

"எப்பவும் இங்கதான் மிஸ். பிறந்ததும் இங்கதான்."

எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். ருஷ்தா காணிக் கதையைச் சொன்னாள். ஜூலியானா கத்தவில்லை.

"இது பிள்ளைட அட்டை. காணிட அட்டை இல்ல. எழும்பு."

ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் யாரும் ஊரைக் கேட்கவில்லை, எத்தனை கிழமை என்றுதான் கேட்டார்கள். கூட வந்தவர் பெயர் கேட்டபோது ஜூலியானா தன் பெயரைச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். டொக்டர் பிரசவ வலியை நிறுத்த மாத்திரை கொடுத்தார். பிள்ளையின் சுவாசப்பை முதிர ஊசி: இன்று ஒன்று, நாளை இதே நேரம் இன்னொன்று. அது வேலை செய்ய அதன் பிறகும் ஒரு நாள் வேண்டும். அதுவரை பிள்ளை வரக்கூடாது.

பார்வையாளர் நேரத்தில் வார்ட் நிறைந்தது. பிளாஸ்க், சோற்றுப் பார்சல், தோடம்பழம். ருஷ்தாவின் கட்டிலைத் தாண்டி எல்லோரும் போனார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிடி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு அரைமணிக்கு ஒருமுறை. சொல்ல ஆள் இல்லாததால் அதைப் பிள்ளைக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டாவது ஊசி போட்ட பிறகு ஸக்கியா சோறு கொண்டுவந்தார்.

"வாற கிழமை போறன், வாற கிழமை போறன் எண்டு சொன்ன ஊர் இதுதானா?"

"ஓம் ராத்தா," என்றாள் ருஷ்தா. பத்து நிமிடத்தில் பஸ் என்று ஸக்கியா கிளம்பிவிட்டார்.

வியாழன் பகல் முழுவதும் வயிறு இறுகவில்லை. பின்னேரம் ஜூலியானா வந்து, முகவரியை மாற்றட்டுமா என்று கேட்டார். மாற்றச் சொன்னாள். அவர் பழைய ஊரை ஒரு கோட்டால் வெட்டிப் புத்தளம் என்று எழுதினார். அதை உம்மாவிடம் போனில் சொன்னாள். "சரி, பிள்ளை அசையுதா?" என்று மட்டும் உம்மா கேட்டார்.

காட்டுப் பாதை மூடியிருந்ததால் உம்மா அநுராதபுரம் சுற்றி ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதற்குள் ருஷ்தாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்கு நாள் இருந்தார். காணியில் ஆள் வேண்டும் என்று திரும்பிப் போனார்.

ஜனவரி எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, ஜூலியானாவின் ஸ்கூட்டர் முதலில் ருஷ்தாவின் வாசலில் நின்றது. அன்று வயிற்றுப் பிள்ளைக்கு முப்பத்திரண்டு கிழமை.