பத்து நிமிடச் சமையல்

ஜேர்மனியில் வுப்பர்டாலுக்கு நான் மருமகளாக வந்தபோது எங்கள் வீட்டு ஓவனுக்குள் சட்டி பானைகள்தான் குடியிருந்தன. பொரிக்கிற தாச்சி, புட்டுக் குழல், மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். மாமி ஓவனைப் போறணை என்பார், ஒருநாளும் மூட்டியதில்லை. "பாண் சுடுற பேக்கரிக்காரனுக்குத்தான் போறணை வேணும், எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். வந்த புதிதில் உள்ளே இருப்பது தெரியாமல் நான் ஒருமுறை மூட்டி, டப்பாக்கள் உருகி, வீடு முழுக்கப் புகை. அதன்பிறகு கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் மாமி என்னை, "வீட்டைக் கொளுத்தப் பாத்தவள் இவள்தான்" என்றே அறிமுகப்படுத்தினார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மொழி வகுப்பை முடித்ததும் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகப் பயிற்சி பெற இடம் கிடைத்தது. இங்கே அதை அவுஸ்பில்டுங் என்பார்கள். அது கையில் இருந்தால் நான் ஒரு ஆள். இல்லாவிட்டால் கடைசிவரை மாமியைப் போல அடுத்தவர் கழிவறை கழுவுவதுதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கணவரிடம் கேட்டேன்.

"அம்மாட்டக் கேளும்," என்றார். தொழிற்சாலையில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிற மனிதர், வீட்டு வாசலைத் தாண்டியதும் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார்.

மாமி மறுக்கவில்லை. அதுதான் அவருடைய கெட்டித்தனம். "படியன் பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? ஆனா ஆர் சமைக்கிறது? நான் விடிய எழும்பி ஒபிஸ் துப்பரவாக்கிப்போட்டு வந்து அடுப்படியிலயும் நிக்க ஏலாது. என்ர பிள்ளை வேலையால வந்து பட்டினி கிடக்கிறதே?"

சமையல்தான் தடை என்று நான் நம்பினேன். அந்த வீட்டில் சோறு, மூன்று கறி, சொதி, பொரியல் எல்லாம் வைத்து முடிக்க அரை நாள் போய்விடும். இந்தத் தடையை உடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். இவ்வளவு முட்டாளாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

மொழி வகுப்பில் பக்கத்தில் இருந்த போலந்துக்காரி ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். அவள் வீட்டில் கையில் கிடைத்ததைத் தட்டில் கொட்டி, மேலே சீஸ் தூவி, ஓவனில் தள்ளிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஓவனைக் காலி செய்தேன். அவிக்காத நூடிலைத் தட்டில் பரப்பினேன். தகரத்தில் வருகிற தக்காளி, தண்ணீர், வெட்டின வெங்காயம், பச்சை மிளகாய், முதல்நாள் மிஞ்சிய கத்தரிக்காய்க் கறி, ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துத் தூள். மேலே கடையில் இருந்ததிலேயே மலிவான சீஸ். தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு சமையலறையில் நான் படித்தது அன்றைக்குத்தான். சீஸ் பொரிந்து வாசம் எழும்பியபோது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மாமி வந்து திருநீறு கலையாமல் தட்டைக் குனிந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமையில முட்டை கிட்டை போட்டனியே?"

"இல்லை மாமி, மரக்கறிதான்."

"பாக்க ஆரோ குடிச்சுப்போட்டுச் சத்தி எடுத்துவிட்ட மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி போட்டார். பிறகு இன்னொரு கரண்டி. கருகிய மூலையைச் சுரண்டியும் போட்டார். கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார் மாமி.

காத்திருந்த கேள்வி. "அடுக்கப் பத்து நிமிசம். மற்றது அதுபாட்டுக்கு வேகும். நான் பக்கத்தில நிக்கத் தேவையில்லை," என்றேன். பெருமை என் குரலில் வழிந்தது.

மாமி விரலை நக்கிவிட்டு மகனைப் பார்த்தார். "கேட்டியே தம்பி? பத்து நிமிசமாம். இவ்வளவு நாளும் சமையல் சமையலெண்டு எங்களைப் பேக்காட்டி ஏமாத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்கட ஒபிசில முழுநாளுக்கு ஆள் கேக்கினம். இவளைக் கூட்டிக்கொண்டு போறன்."

"மாமி, அவுஸ்பில்டுங்…"

"பல்லுப் புடுங்கப் படிக்க மூண்டு வருசம். துடைக்கிறதுக்குப் படிப்பு வேண்டாம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வாயில் இருந்ததை விழுங்கி முடித்தார். "அம்மா சொல்லுறதும் சரிதானே. நீரும் வீட்டில சும்மா இருந்து என்ன செய்யப் போறீர்?" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.

சனியும் ஞாயிறும் அழுதேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அந்த இரண்டு பேரையும் நான் மனதார வெறுத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு துளி குறையவில்லை.

திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் வரமாட்டேன் என்று சொல்ல நானே போன் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் என்னைவிட நன்றாக ஜேர்மன் பேச ஆள் இல்லை. மாமி பக்கத்தில் நின்றார். மறுபக்கத்தில் பேசிய பெண், "நன்றாக யோசித்தீர்களா?" என்று இரண்டுமுறை கேட்டாள். ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"இண்டைக்கும் அந்த நூடிலையே வையன்," என்றார் மாமி. "என்ர பிள்ளைக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு."

வைத்தேன்.