மாச் சாக்குத் தலையணை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு, என் கொப்பியில் நான் எழுதி வைத்தவை:

1. பேக்கரியில் கோதுமை மா அரிக்கும்போது அப்பாவுக்குத் தும்மல்.
2. பின்னேரம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவது போன்ற சத்தம்.
3. பெரிய வெள்ளி. பேக்கரி பூட்டு. சத்தம் இல்லை.
4. சனி. மீண்டும் மா, மீண்டும் சத்தம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்கள் அந்த மூச்சிழுப்பைத் "தொய்வு" என்றார்கள். துறைமுகத்துக் கரிப்புகைதான் காரணம் என்று சிலரும், கடற்காற்று என்று சிலரும் சொல்ல, பதினொரு வயதான நான் மட்டும் கோதுமை மாவைச் சந்தேகித்து, கொப்பியை அப்பாவிடம் நீட்டினேன்.

"பாண் போடுறவனுக்கு மா ஒத்துக்கொள்ளாதோ? மீன்பிடிக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதெண்டு முகத்துவாரத்திலை போய்ச் சொல்லு பாப்பம்!" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "முந்தநாள் போறணை அடுப்புக்கு முன்னாலை எழும்பேலாமல் குந்தினனீங்கள். ஒரு கிழமை லீவு கேளுங்கோ."

முதலாளி தந்தார், ஏழு நாள் தாண்டினால் வேறு ஆள் வைப்பேன் என்றும் சொன்னார்.

பேக்கரியின் வெறும் மாச் சாக்குகளில் தலையணை உறையும் உள்பாவாடையும் தைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படுத்திருக்கும் அப்பாவுக்குப் புதுத் தலையணை வேண்டுமென்று, தோய்த்துக் காயவைத்துத் தைக்கச் சொன்ன அம்மாவின் பேச்சைக் கேளாமல், மழையில் காயாது என்று நானே முடிவுசெய்து, கட்டிலருகில் நின்று ஒரு சாக்கை நன்றாக உதறித் தைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் அப்பா அந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சுக்குத் திணறினார்.

"பாத்தியே... பிள்ளை... வீட்டிலை... மா எங்கை?"

லீவு முடியுமுன்பே அவர் வேலைக்குப் போனார். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கொப்பியின் நான்கு வரிகளையும் வெட்டினேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்வுகூடப் பயிற்சியின்போது, கோதுமை மாவிலுள்ள புரதம் சிலருடைய மூச்சுக்குழாயை இறுக்கும், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன உடம்புக்குச் சிறிது தூசியே போதும் என்று படித்தேன். அன்று வீட்டுக்கு வந்து, சாக்கை உதறியது உட்பட எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப உன்ரை கணக்குச் சரி," என்றார். "தலையணைதான் பிழைச்சுப் போச்சு."

இப்போது எங்கள் வீட்டில் சாக்குத் துணி இல்லை. அப்பா மா அறைக்குள் போவதில்லை. அதே பேக்கரியின் முன்கடையில் பாண் சுற்றிக் கொடுக்கிறார். வீட்டுப் படிகள் பன்னிரண்டு. ஏழாவதில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறார்.