வெளிச்சவீடு துப்பிய உப்பு

நாங்கள் பூசிய சுண்ணாம்பு காய்ந்து மூன்றாம் வாரம், கடற்கரை வெளிச்சவீட்டின் அடிச்சுவர் முழுக்க உப்புப் பூத்தது. விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. நாற்பது வருடம் மேசன் வேலை செய்த எனக்கு வெட்கத்தில் ஏணியை விட்டு இறங்கவே மனம் வரவில்லை.

அது கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய கோபுரம். யுத்தகாலத்தில் விளக்கு அணைந்து, ஆள் போகாமல் கிடந்தது. பிறகு யாரோ சீமெந்து பூசிவிட்டார்கள். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உள்ளே கல் உக்கத் தொடங்கிவிட்டது. அதை உரித்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்புதான் பூசவேண்டும் என்று திருத்தவேலைக் கூட்டத்தில் மேசையில் தட்டிக் கதைத்தவன் நான். எஞ்சினியர் கொக்குவில் ஆள், என் மகனைவிட இளையவர். அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார்.

"அண்ணை, உங்கடை சுண்ணாம்பைப் பாத்தாச்சு. இனிச் சீமெந்துதான்," என்றார்.

"ஒரு மாதம் தாங்கோ சேர்."

தந்தார். அந்த மாதத்தில் என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. சீமெந்து ஏறினால் இன்னும் சில மாரியில் கோபுரம் விழும் என்பது மட்டும் தெரியும்.

உப்பு மணலில் இருக்கிறது என்று நினைத்து, வெளிச்சவீட்டு வளவுக் கிணற்றில் அள்ளி அள்ளி மணலைக் கழுவினேன். பக்கத்தில் கருவாடு காயப்போடுகிற செல்வமலர் அக்கா பார்த்துக்கொண்டு நின்றா.

"தம்பி, உந்தத் தண்ணியிலையோ சாந்தும் குழைச்சனீர்?"

"ஓம் அக்கா, ஏன்?"

"வாயிலை வைக்கேலாத தண்ணியைச் சுவருக்குப் பருக்கினால், அது துப்பாமல் என்ன செய்யும்?"

ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கரித்தது. நான் கடற்கரை இல்லாத உரும்பிராய் ஊரான். தோட்டக் கிணற்று நல்ல தண்ணீரில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைச் சந்தேகிக்கத் தெரியாது. குடிக்க வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவேன், அதனால் அந்தக் கிணறு வாயில் பட்டதேயில்லை.

எஞ்சினியரிடம் நேரே போனேன். "பிழை சுண்ணாம்பிலை இல்லை சேர், என்னிலை."

அவர் இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்தார். மச்சானின் தோட்டத்திலிருந்து பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வந்தது. பூச்சைச் சுரண்டி, கல்லை நாள்கணக்காக நனைத்து உப்பை இறக்கி, ஒரு பாய் அகலம் பூசிக் காட்டினேன். காய்ந்து ஒரு மாதம் போயும் உப்புப் பூக்கவில்லை. எஞ்சினியர் முழுக் கோபுரத்துக்கும் தலையாட்டினார்.

மாரி ஓய்ந்ததும் வந்து சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். கை சுத்தம்.

"வெண்டிட்டியள் அண்ணை!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பின்னேரம், யுத்தத்துக்குப் பிறகு முதல்தரம் விளக்கு எரிந்தபோது கரையில் நின்ற சனம் முழுக்கக் கைதட்டியது. செல்வமலர் அக்காவின் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர்ச் சனத்திடம் வாயைத் திறந்து கேளுங்கள். அந்தக் கோபுரத்தைப் பூசிய மேசன் யார் என்று கேட்டால், நெஞ்சை நிமிர்த்தி நான்தான் என்பேன். முதல் தரம் பிழைவிட்ட மடையன் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான்.