வெள்ளிக்கிழமை மதியம் திரும்பிய கேமரா

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சாயங்காலம் கேட்டில் பெண்களின் சாப்பாட்டுப் பையை உதறிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். விரல் அகலத் தோல்கூட வெளியே போகாது. அப்பேர்ப்பட்ட பாதுகாப்பு.

தையல் பிரிவில் முதலாளி ஒரு கேமரா மாட்டச் சொன்னார். வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் பார்க்கலாம், வேண்டிய பக்கம் திருப்பலாம். அது திரும்பினாலே முதலாளி பார்க்கிறார் என்று பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. கேமரா செய்த கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் திறந்துவிடும். ஒன்று வைக்கலாமா என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பெரியவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுப்பா, பேஜாரு. நம்ம தையல் செக்‌ஷனை எவன் வந்து பாக்கப்போறான்? உடு."

விட்டுவிட்டேன். நானும் மகா புத்திசாலி.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் மெஷின்களுக்கு நடுவே கால் நீட்டிப் படுக்கிற நேரம். தையல் பிரிவு அக்கா ஒருத்தர் என் மேஜைக்கு வந்தார்.

"முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டாரு. மேனேஜரும் மசூதிலதான். அப்போ கேமராவை யாரு சார் திருப்புறது? நாங்க படுத்திருக்கிற பக்கமே வந்து நிக்குது."

இன்டர்நெட் வழியாக வெளியாள் எவனோ உள்ளே வந்திருக்கிறான். உடனே ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். சனிக்கிழமை முதலாளியால் கேமராவைத் திறக்க முடியவில்லை. நான் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் தொலைத்துவிட்டார். மேனேஜர் என் மேல் பாய்ந்தார். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். "வயர் கோளாறா இருக்கும். பாஸ்வேர்டை எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், கேமராவின் கண் மேல் கறுப்புத் தோல் துண்டு ஒன்று. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையால் ஒட்டியிருந்தார்கள். பிய்த்தால் கண்ணாடியோடுதான் வரும். மேனேஜர் குதித்தார். பெண்களை எட்டிப் பார்த்தவன் யாரென்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், நல்ல தோலை வீணாக்கியது யாரென்று நோட்டீஸ் போடச் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன். நான்தான் கொண்டுபோய் ஒட்டினேன்.

அந்த அக்கா பின்னால் நின்று முழுவதையும் படித்தார்.

"நான்தான் ஒட்னேன், போய்ச் சொல்லுங்க" என்றார். "நீங்க செஞ்சிருக்க வேண்டிய வேலை சார் அது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.