டாக்டரை ஏமாற்றிய கண்

மாறுகண்ணைச் சரிசெய்யக் கண்ணை வெளியே எடுப்பார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. எடுத்த கண்ணை வைக்கும் தட்டு எவர்சில்வரா பீங்கானா, அதற்கு மூடி உண்டா என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. மாட்டுங்காவில் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். உலகத்தில் உள்ள எதையும் கழற்றி மாட்டலாம் என்பது அவர் கட்சி.

"பயப்படாதல. வெளிய எடுப்பான், தட்டுல வைப்பான், கோணல நிமுத்துவான், திரும்ப மாட்டிருவான். பல்பு மாட்டுத மாதிரிதான்" என்றார்.

அவர் எனக்குத் தைரியம் சொன்னாராம். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் ஒற்றை அறை வீடு. அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. என் கண்களில் ஒன்று எப்போதும் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கண் என்பது என் இஷ்டம். ஒரு முறை இமைத்தால் இடது நேராகி வலது உள்ளே போகும். இன்னொரு முறை இமைத்தால் முறை மாறிக்கொள்ளும். குழாயடியில் 'பேங்கா', அதாவது மாறுகண்ணா, என்று இந்தியில் என்னைக் கேலி செய்த பையன்களே, இந்த வித்தையைக் காட்டியதும் இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அம்மாவுக்கோ அது வீட்டுக்கு யோகம் கொடுக்கிற கண். கத்தி வைக்கவே கூடாது என்றாள். நாளைக்கு வேலை கேட்டுப் போனால், இவன் என்னைப் பார்க்கிறானா சுவரைப் பார்க்கிறானா என்று முதலாளி முழிப்பானே என்றார் அப்பா. அப்பா ஜெயித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பூனை. நன்றாகக் கொழுத்த பூனை. அது என்ன தின்று அப்படிக் கொழுத்தது என்று யோசித்தேன். அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. எது கோணல் கண் என்று தெரிந்தால்தானே அதை எடுப்பார்கள்? தெரியவிடாமல் செய்துவிட்டால்?

டாக்டர் உயரமான மராட்டிக்காரர். ஒரு அட்டையால் என் ஒரு கண்ணை மறைத்தார், எடுத்தார், மற்றதை மறைத்தார். நான் இமைத்து இமைத்து மாற்றிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் அவர் குனிந்தால் இடது கண் யோக்கியனாக நேரே நிற்கும், வலது மூக்கைப் பார்க்கும். வலது பக்கம் வந்தால் வலது யோக்கியன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆள் குழம்பிவிட்டார் என்று எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் மூக்கின் மேல் ஏதோ கவிழ்த்தார்கள். குமட்டுகிற இனிப்பு வாசனை வந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

விழித்தபோது இருட்டு. தடவிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்று நர்ஸிடம் இந்தியில் கேட்டேன்.

"தோனோ, பேட்டா" என்றாள். இரண்டும்தான், மகனே.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எது கோணல் என்று தெரியாமல் திண்டாடிய டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எடுத்துவிட்டார். என் கெட்டிக்காரத்தனத்தால் நல்ல கண்ணும் போயிற்று. கதறி அழுதேன். கட்டுத் துணி நனைந்தது. கண் இல்லாதவனுக்குக் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை.

சாயங்காலம் அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கென்று வாங்கிவந்த பிஸ்கட்டைத் தங்கை என் கால்மாட்டில் உட்கார்ந்து கடிக்கிற சத்தம் கேட்டது. ரெண்டு கண்ணையும் எடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இந்தி தெரியாது, நர்ஸிடம் கேட்க வழியில்லை. அவளும் நம்பிவிட்டாள்.

"அழாதல. என் கண்ணுல ஒண்ண எடுத்து ஒனக்கு வைக்கச் சொல்லுதேன்" என்றாள்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த இடம் வரும்போது நான் பேச்சை மாற்றுகிறேன், இல்லாவிட்டால் ஒரு ஜோக் அடிக்கிறேன். இப்போது ஜோக் எதுவும் வரவில்லை.

"ஒன் கண்ணு வேண்டாம். ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டு அக்காவத்தான கூப்பிடுத. தங்கச்சி கண்ணுதான் புதுசு. அத எடுக்கச் சொல்லு. அவளுக்கு எதுக்கு ரெண்டும்?"

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது.

இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்து டாக்டரைப் பிடித்தார். டாக்டர் என் கட்டிலுக்கே வந்து அப்பாவுக்கு இந்தியில் விளக்கினார். கண்ணை யாரும் வெளியே எடுக்கவில்லை. குதிரைக்குக் கடிவாளம் போலக் கண்ணுக்கு இருபுறமும் தசை உண்டு. எனக்கு மூக்குப் பக்கத்துத் தசைகள் இரண்டு கண்ணிலுமே அதிகமாக இழுத்தன. அதனால்தான் கோணல் இங்கும் அங்கும் மாறிக்கொண்டிருந்தது. பையன் மாற்றி மாற்றிக் காட்டியது பரிசோதனைக்கு நல்ல வசதியாக இருந்தது என்று வேறு சொன்னார். இரண்டு தசைகளையும் கண்ணிலிருந்து விடுவித்து, கொஞ்சம் பின்னால் தள்ளித் தைத்திருக்கிறார். அவ்வளவுதான். அப்பா அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும். பிறகு அம்மாவின் காதில் மட்டும் ஏதோ கிசுகிசுத்தார். வளையல் சத்தத்தோடு அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் தூங்குவது போல நடித்தேன்.

கட்டு அவிழ்த்த அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். வெளிச்சம் குத்தியது. முதலில் இரண்டு அம்மா தெரிந்தார்கள், மெல்ல நெருங்கி ஒருத்தியானார்கள். டாக்டர் விரலை ஆட்டினார். என் கண்கள் இரண்டும் சேர்ந்து பின்னாலேயே போயின. நேராகிவிட்டது என்று சித்தப்பா வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அம்மாவின் சேலைக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்களை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

டாக்டர் விளக்கியது முழுக்க இந்தியில். அவளுக்குத் தமிழில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்தது தன் முறை என்று நினைத்துக்கொண்டு அவள் அங்கே நின்றிருந்தாள்.