வெள்ளைக்கண் வாத்தும் ஏட்டையாவும்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். தென்காசியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. ஒரே மாதிரி அட்டையில் வேறு வேறு மாத்திரை வரும். டாக்டர் சீட்டையே இரண்டு தடவை பார்ப்பேன். கோயிலில் கொடுத்த திருநீற்றையும் மோந்து பார்க்கிற ஆள் என்று வீட்டுக்காரி கேலி செய்வாள்.

இந்தக் குணத்தோடுதான் பறவை பார்க்கவும் போனேன். எங்கள் பக்கத்துக் குளங்களில் ஜனவரியில் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு சின்ன வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். வருகிற பட்டியலைச் சரிபார்த்து ஏற்றுகிற வேலை என் தலையில்.

முங்கி இரை எடுக்கும் வாத்துகளில்தான் வம்பு அதிகம். கொண்டை வாத்தின் பெட்டையும் வெள்ளைக்கண் வாத்தும் தூரத்தில் ஒன்றுபோல இருக்கும். கொண்டை வாத்து எங்களுக்குப் பழக்கம். வெள்ளைக்கண் வாத்து எங்கள் பட்டியலில் ஒருமுறைகூட ஏறியதில்லை. வாலடி வெள்ளையாக இருந்தால் அது வெள்ளைக்கண் வாத்து என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சில கொண்டை வாத்துப் பெட்டைகளுக்கும் அங்கே வெள்ளை உண்டு. அதில் நானே ஒருமுறை சறுக்கினேன். எல்லாரிடமும் தம்பட்டம் அடித்த பிறகு, வெளியூர்க்காரர் ஒருவர் என் படத்தைப் பார்த்து, கண் மஞ்சள், இது கொண்டை வாத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த அவமானம் ஆறவே இல்லை. அதிலிருந்து வெள்ளைக் கண்ணைக் காட்டாத யாரையும் நான் நம்புவதில்லை.

அந்த நேரத்தில்தான் ஏட்டையா போட்டோ அனுப்பினார். ஆலங்குளத்துக்காரர், புளியறை சோதனைச் சாவடியில் டூட்டி. குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சபரிமலைக் கூட்டத்தில் ராப்பகலாக வண்டி மறித்துவிட்டு, தூங்கப் போகாமல் நேரே அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு குளத்துக்குப் போயிருக்கிறார். படம் மங்கல். வாலடி வெள்ளை தெரிந்தது, கண் தெரியவில்லை. வெள்ளைக்கண் வாத்து, ஆண், கண்ணை நன்றாகப் பார்த்தேன், கேமராவில்தான் விழவில்லை என்று கீழே எழுதியிருந்தார்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. முந்தின வாரம்தான் அவர் கேரளாவில் ஏதோ காயல் ஏரிக்குப் போய்ப் பறவைப் படமாகப் போட்டுத் தள்ளியிருந்தார். அங்கே எடுத்ததை இங்கே எடுத்ததாகச் சொல்கிறாரோ? புதிதாக வந்தவருக்குப் பெயர் வாங்கும் ஆசை இருக்காதா? எல்லாரும் பார்க்கிற குழுவிலேயே, ஒரிஜினல் படத்தை அனுப்புங்கள், எங்கே எப்போது எடுத்தது என்று பார்க்கவேண்டும் என்று எழுதினேன். நாளெல்லாம் லாரிக்காரர்களிடம் பேப்பர் கேட்கிறவரிடம் நான் பேப்பர் கேட்டேன். அப்போது அது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

அனுப்பினார். தேதியும் மணியும் சரியாக இருந்தன, இடம் பதிவாகவில்லை. கேமராவில் தேதியை மாற்றி வைப்பது பெரிய வித்தையா? கொண்டை வாத்துப் பெட்டையாக இருக்கலாம், ஏற்க முடியாது என்று போட்டேன். அவர் பதில் எழுதவில்லை. பதில் வராததும் சந்தேகத்தைக் கூட்டியது.

மறுநாள் காலை வீட்டுக்காரியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் குளத்துக்குப் போனேன். வாத்தைப் பார்க்கவா, ஆளைப் பொய்யனாக்கவா என்று கேட்டால் இரண்டாவதற்குத்தான். தண்ணீர் நடுவில் பத்துப் பன்னிரண்டு கொண்டை வாத்துகள். ஓரமாக ஒன்று, அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல கருஞ்சிவப்பு. உச்சந்தலை மேடாக இருந்தது, பின்னால் கொண்டை மயிர் இல்லை. எனக்கு அதுவும் போதவில்லை. பதினொரு மணிவரை வெயிலில் நின்றேன். கடைசியில் முழித்து, முங்கி, எழுந்து, என் பக்கம் திரும்பியது. வெள்ளைக் கண். சட்டைப் பொத்தானைத் தைத்து வைத்த மாதிரி இருந்தது. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டேன். கேமராவை எடுப்பதற்குள் மேலே ஒரு பருந்து வர, எல்லாம் சேர்ந்து கிளம்பிக் குற்றால மலைப் பக்கமாகப் போய்விட்டன.

நேரே புளியறைக்கு வண்டியை விட்டேன். ஏட்டையா சாமிமார் வேன் ஒன்றை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, கண்ணை நானே பார்த்தேன், போட்டோ மட்டும் இல்லை என்றேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் போட்டோ தந்தும் நீங்க நம்பல, அண்ணாச்சி. உங்ககிட்ட போட்டோவே இல்ல, நான் நம்புதேன். உங்க பேருலயே போட்டுக்கிடுங்க.”

குரல் உயரவில்லை. அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டார்.

நான் அவர் பேரில்தான் ஏற்றினேன். குழுவில் மன்னிப்பும் கேட்டேன், நாலு தடவை அடித்துத் திருத்தி. எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். அவர் படித்துவிட்டாரா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். படித்திருந்தார். சாயங்காலம் பார்த்தால் குழுவிலிருந்தே வெளியேறியிருந்தார்.

மனம் நொந்துதான் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம், அந்தப் படம் நிஜமாகவே கேரளாவில் எடுத்ததாக இருக்குமோ, அதனால்தான் நழுவிவிட்டாரோ என்று என் புத்தி போனது. கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் அப்படிப் போனது. அன்று என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.